படகு ஜெனரேட்டரும் ரெண்டு தலை ஒயரும்



ஐப்பசி பிறக்கப் போகிறது. போன வாரம் பழவேற்காட்டிலிருந்து ஒரு பழைய மாணவன் போன் செய்தான். "சார், மழை ஆரம்பிக்கறதுக்குள்ள படகு ஜெனரேட்டரை வீட்டுக்குக் கொண்டாந்து வச்சிடலாம்னு இருக்கேன். எத்தனை லைட்டு, எத்தனை ஃபேன் போடலாம் சார்?" என்று கேட்டான். அரை மணி நேரம் பேசினோம். அவனுக்குச் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன் நான், உங்களுக்குப் புதிதல்ல. பொறுத்துக்கொண்டு கடைசிவரை படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகு ஜெனரேட்டர் தாராளமாக வீட்டுக்கு வரட்டும். ஆனால் அதன் கரண்ட் வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் வழியாக உள்ளே போகக் கூடாது. ரெண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர் நம் ஊர்களில் ஒரு வீட்டில்கூட இருக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், அந்த ஒயர் என் வீட்டிலேயே இருந்தது. அதனால் ஒரு உயிர் போயிருக்கும். போயிருந்தால் காரணம் நானாகத்தான் இருந்திருப்பேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். 3, 4 தேதிகளில் கொட்டிய மழையை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 5ஆம் தேதி புயல் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையைக் கடந்தது. இங்கே திருப்பாலைவனத்தில் எங்கள் தெருவில் ஒரு மரம் சாய்ந்து கம்பி அறுந்து கிடந்தது. கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லை. அதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. என் துணைவியாருக்கு இன்சுலின் ஊசி. மருந்து ஃபிரிட்ஜில் இருந்தது. "கெட்டுப் போயிடுமோ" என்று அவர்கள் ஒரு முறைதான் கேட்டார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை.

6ஆம் தேதி சாயங்காலம் ஒரு மாணவன் வந்து நின்றான். காசிமேட்டில் விசைப்படகில் போகிறவன். படகில் விளக்குக்கும் போன் சார்ஜுக்கும் வைத்திருந்த சின்ன ஜெனரேட்டரை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, தண்ணீர் நின்ற சாலையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தான். "அம்மாவுக்கு மருந்து வீணாகக் கூடாது சார்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அவனுக்குக் கடன்பட்டிருக்கிறேன். அவனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

ஜெனரேட்டரைக் கொல்லைப்புறத்தில் வைத்தான். ரெண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரை எடுத்தான். ஒரு தலை ஜெனரேட்டரில், இன்னொரு தலை சமையலறை பிளக் பாயிண்டில். "மெயினை ஆஃப் பண்ணிட்டியாப்பா?" என்று கேட்டேன். "பண்ணிட்டேன் சார்" என்றான். உண்மையாகவே ஆஃப் செய்திருந்தான். வீடு முழுக்க விளக்கு எரிந்தது. அக்கம்பக்கத்தார் போன் சார்ஜ் போட வந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் எண்ணெய் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றுவிட்டது. எழுந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? வாரியத்தின் கரண்ட் வந்திருக்குமோ என்று பார்க்க மெயினை ஆன் செய்தேன். வரவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டேன். திண்ணையில் படுத்திருந்தவன் எழுந்து போய் எண்ணெய் ஊற்றிக் கயிற்றை இழுத்தான். மெயின் ஆஃபில்தான் இருக்கிறது என்று நினைத்தான். நேற்று அவன் கையாலேயே ஆஃப் செய்ததாயிற்றே.

எதிர் வீட்டில் பல்பு எரிந்தது. "கரண்ட் வந்துடுச்சே!" என்று தெருப் பிள்ளைகள் கத்தினார்கள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு எங்கள் வீட்டு மூலையில் இருந்த கம்பத்தடியில் ஒருவர் ஏணியில் வைத்த காலைக் கீழே இறக்கினார். அறுந்த கம்பியைச் சரிசெய்ய வந்த மின்வாரிய ஊழியர். அவரும் என் மாணவர்தான். பத்து நிமிடம் முன்புதான் சோதித்துப் பார்த்திருக்கிறார், கம்பியில் கரண்ட் இல்லை. துணை மின் நிலையத்தில் இன்னும் கரண்ட் விடவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அப்படியானால் எதிர் வீட்டுப் பல்பு எதில் எரிகிறது? நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். "சார், உங்க வீட்ல ஜெனரேட்டர் ஓடுதா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஒரு மாணவன் எனக்கு உதவி செய்தான். இன்னொரு மாணவன் கம்பத்தில் ஏற இருந்தான். இருவருக்கும் மின்னியல் பாடம் நடத்திய வாத்தியார் நடுவில் நின்று மெயினைத் தட்டினேன். பிள்ளைகள் கத்தியிருக்காவிட்டால்? அதற்கு மேல் நான் யோசிப்பதில்லை.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். "படகுல மிக்சி, டிவி எல்லாம் இதுலதான் சார் ஓடுது, ஒண்ணும் ஆனதில்லை" என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். படகில் ஜெனரேட்டரிலிருந்து கிளம்பும் ஒயர் படகுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் கடல்தான். வீடு அப்படி இல்லை. உங்கள் சமையலறை பிளக் பாயிண்ட், மீட்டர் பெட்டி, கம்பம், பக்கத்து வீடு, டிரான்ஸ்பார்மர் எல்லாம் ஒரே கம்பியின் தொடர்ச்சி. நடுவில் அந்த ஒரு மெயின் சுவிட்ச்தான் காவல். அதை ஆஃப் செய்ய ஒருவர் நினைவு வைத்திருக்க வேண்டும், வீட்டில் உள்ள வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. தூக்கம் இல்லாத புயல் இரவில் மனிதனின் நினைவை நம்பி இன்னொரு மனிதனின் உயிரை வைக்கலாமா?

டிரான்ஸ்பார்மர் இன்னும் பெரிய ஆபத்து. ஏற்று மின்மாற்றி, இறக்கு மின்மாற்றி என்று வேறுபாடு எழுதச் சொல்லி எத்தனை பேரை முட்டி போட வைத்திருப்பேன்! ரெண்டும் வேறு வேறு பொருள் அல்ல. தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை இறக்கி நமக்குத் தருகிறது. அதே டிரான்ஸ்பார்மருக்கு நம் பக்கத்திலிருந்து 230 வோல்ட் கொடுத்தால் மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். பெரும்பாலும் தெருவின் சுமை தாங்காமல் சின்ன ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும். ஆனால் கம்பி எங்கே அறுந்திருக்கிறது, எத்தனை வீடு அந்தத் துண்டில் மாட்டியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. எங்கள் தெருவில் கம்பி கம்பத்துக்கு அப்பால் அறுந்திருந்ததால் எதிர் வீடும் நாங்களும் மட்டுமே ஒரே துண்டில் இருந்தோம். ஜெனரேட்டர் நிற்கவில்லை. கம்பத்தில் கரண்ட் நின்றது.

ரெண்டு தலைப் பாம்பு என்று மண்ணுளிப் பாம்பைப் பார்த்துப் பயப்படுவோமே, அது பாவம், விஷமே இல்லாதது. இந்த ரெண்டு தலை ஒயர்தான் உண்மையில் கடிக்கும். ஒரு தலை ஜெனரேட்டரில் இருக்கும்போது இன்னொரு தலையைப் பிடுங்கினால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைப் பின்னில் முழு 230 வோல்ட். ஈரத் தரை, ஈரக் கை. குழந்தை எடுத்துப் பார்த்தால் என்ன ஆகும்? வாரியத்தின் கரண்ட் திடீரென்று வந்தால் ரெண்டும் மோதி ஜெனரேட்டர் கருகிப் போகும், தீயும் பிடிக்கலாம்.

அப்படியானால் எப்படிக் கொடுப்பது? ரெண்டு வழி இருக்கிறது.

ஒன்று, சுலபமான வழி. ஜெனரேட்டரிலிருந்து நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை வீட்டுக்குள் இழுங்கள். ஃபிரிட்ஜ், ஒரு ஃபேன், போன் சார்ஜர் எல்லாவற்றையும் சுவரிலிருந்து பிடுங்கி அந்தப் பாக்ஸில் மாட்டுங்கள். வீட்டு வயரிங்கைத் தொடவே வேண்டாம். படகில் எப்படியோ அப்படியே வீட்டிலும். சுமார் 2000 வாட் என்றால் ஒயரில் ஏறத்தாழ 9 ஆம்பியர் ஓடும். பந்தல் சீரியல் விளக்குக்குப் போடும் மெல்லிய ஒயர் ஆகாது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வேண்டும், தூரம் அதிகமானால் 2.5. சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் சூடேறும், முழுக்கப் பிரித்துவிடுங்கள். நடுவில் ஒட்டுப் போட்ட ஒயரை ஈரத் தரையில் போடாதீர்கள்.

ரெண்டு, வீட்டு விளக்கும் ஃபேனும் அதனதன் சுவிட்சிலேயே எரிய வேண்டும் என்றால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் வாரியத்தின் கரண்ட், மறுபக்கம் இருந்தால் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். ரெண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. யாரும் எதையும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை. பேஸ், நியூட்ரல் ரெண்டையும் மாற்றுகிற மாதிரி பார்த்து வாங்குங்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்தே மாட்டுங்கள். எர்த் பற்றியும் அவரிடமே கேளுங்கள். பல சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. அப்போது உங்கள் வீட்டில் இருக்கும் ஆர்சிசிபி, அதாவது கசிவு வந்தால் தட்டிவிடும் பெட்டி, வேலை செய்யாமலே போகலாம். "பெட்டிதான் இருக்கே" என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

அடுத்து, போனில் கேட்ட மாணவனின் கேள்வி. எத்தனை லைட்டு, எத்தனை ஃபேன்?

ஜெனரேட்டரில் 2.5 கேவிஏ என்று எழுதியிருந்தால் சுமார் 2000 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் முக்கால் பங்கு, 1500 வாட்டோடு நிறுத்துங்கள். எல்ஈடி பல்பு 9 வாட். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். சின்ன டிவி 50. ஃபிரிட்ஜ் 150 முதல் 200. மிக்சி 500 முதல் 750. கணக்குப் போட்டால் எல்லாம் அடங்கிவிடும் போலத் தெரியும். ஆனால் ஃபிரிட்ஜ், மிக்சி, கிணற்று மோட்டார் எல்லாம் கிளம்பும் அந்த நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். படகை மணலிலிருந்து தள்ளும்போதுதானே எல்லார் தோளும் வேண்டும்? மிதந்துவிட்டால் ஒரு துடுப்புப் போதும். மோட்டாரும் அப்படித்தான். அதனால் ஃபிரிட்ஜை முதலில் போடுங்கள், அது ஓட ஆரம்பித்த பிறகு மற்றதைப் போடுங்கள். மிக்சியும் மோட்டாரும் ஓடும்போது வேறு எதுவும் வேண்டாம். இன்டக்ஷன் அடுப்பு, ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் பக்கமே போகாதீர்கள்.

சுமை அதிகமானால் எஞ்சின் சத்தம் இறங்கும், கேட்டிருப்பீர்கள். நம் சின்ன ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். சுற்று குறைந்தால் வோல்ட்டேஜும் விழும், ஃபிரிட்ஜ் மோட்டார் திணறிச் சூடாகிக் கருகும். எண்ணெய் தீர்ந்து ஜெனரேட்டர் இழுத்து இழுத்து நிற்கும் நேரமும் இதே ஆபத்து உண்டு. எனவே எண்ணெய் தீரும் முன் பொருட்களை ஆஃப் செய்து, பிறகு எஞ்சினை நிறுத்துங்கள். கிளப்பும்போது எஞ்சின் முதலில், பொருட்கள் பிறகு.

ஃபிரிட்ஜை ராத்திரி முழுக்க ஓட்டவும் தேவையில்லை. கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். விட்டு விட்டு ஓட்டினால் போதும், எண்ணெயும் மிச்சம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிறகு மருத்துவரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. பிரித்துப் பயன்படுத்தும் இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் இருந்தால் 4 வாரம் அளவுக்கு வெளியிலேயே தாங்குமாம். அட்டையிலேயே போட்டிருக்கிறது. டிசம்பர் குளிரில் ஒரு மண்பானை போதுமாக இருந்தது. படித்த நான் அந்த அட்டையைப் படிக்கவில்லை. உங்கள் வீட்டு மருந்துக்கு என்ன அளவு என்று மழைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

அடுத்தது புகை. கரண்டைவிட சத்தமில்லாமல் கொல்வது இது. ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல், தூக்கம் வரும். தூக்கம் வருகிறதே என்று படுத்தால் எழுந்திருக்க மாட்டோம். மழை என்று ஜெனரேட்டரைத் தாழ்வாரத்துக்குள், படிக்கட்டுக்குக் கீழே இழுத்து வைக்காதீர்கள். கதவு, ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி, மேலே கூரை மட்டும் போட்டு நாலு பக்கமும் திறந்து வையுங்கள். புகைக்குழாய் பக்கத்து வீட்டைப் பார்த்தும் இருக்கக் கூடாது.

படகிலும் இதே கதைதான். பல நாள் தங்கலுக்குப் போகும் பிள்ளைகளே, கேபினுக்குள் ஜெனரேட்டரை ஓட்டிக்கொண்டு தூங்காதீர்கள். நங்கூரம் போட்டுக் கிடக்கும்போது காற்று திரும்பும், வெளியே போன புகை உள்ளே வரும். எஞ்சின் சூட்டோடு இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் படகின் அடித்தட்டில் தங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். உப்புக் காற்றில் செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு பிடித்த இணைப்பு சூடாகும், சூடானால் உருகும். டேப் சுற்றி மூடினால் களிம்பு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒயரை வெட்டிப் புதிதாகச் சேருங்கள். மேலே உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்பவன் கரண்டைத் தொட்டால், காய்ந்த கைக்காரனுக்குச் சுரீர் என்று போவது அவனைக் கொன்றுவிடும். பிளக்கைத் தொடும் முன் கையைத் துடைக்க ஒரு காய்ந்த துண்டு படகில் தனியாக இருக்கட்டும்.

"இவ்வளவு செலவு யார் சார் செய்வது?" என்று கேட்பீர்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்சின் விலை, விசைப்படகு ஒரு நாள் கடலுக்குப் போக நீங்கள் ஊற்றும் டீசல் விலைக்கு மேல் வராது. அதுவும் முடியாவிட்டால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கவே இருக்கிறது. ஒயர் மிச்சம் என்பதைத் தவிர ரெண்டு தலை ஒயரால் வேறு லாபம் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழவேற்காட்டுக் குப்பங்களின் பெரியவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் 'பாடு' நடத்தும் ஊர் உங்கள் ஊர். நீங்களே கட்டிக் காக்கும் கட்டுப்பாடு அது. இறாலைப் பங்கு போட இவ்வளவு ஒழுங்காக விதி செய்யத் தெரிந்தவர்களுக்கு, ரெண்டு தலை ஒயர் ஊருக்குள் கூடாது என்று ஒரு விதி செய்ய முடியாதா? ஊர்க்கூட்டத்தில் ஒரு வரி போதும். ஜெனரேட்டர் ஓட்டும் வீடு, கம்பத்தில் வேலை செய்ய வருபவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று இன்னொரு வரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வலை பின்னுகிறீர்கள், படகுக்கு வர்ணம் அடிக்கிறீர்கள், அப்போதே ஜெனரேட்டர் ஒயரையும் பார்த்து மாற்றிவிடலாம். இந்த வருடம் தடைக்காலம் போய்விட்டது. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்கள் கடலுக்குப் போய்விட்டால் ஜெனரேட்டர் உங்கள் பொறுப்பு. எப்படி நிறுத்துவது, எங்கே தொடக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சொல்லித் தர மறுத்தால் என்னிடம் அனுப்பி வையுங்கள், பழைய பிரம்பு இன்னும் பரணில்தான் இருக்கிறது.

அன்று அந்த ரெண்டு தலை ஒயரை நடுவில் வெட்டினேன். ஒரு பாதியை என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மின்வாரிய மாணவர் போன பொங்கலுக்குக் குழந்தையோடு வீட்டுக்கு வந்திருந்தார். குழந்தை இழுப்பறையைத் திறந்து, "தாத்தா, இது என்ன?" என்று கேட்டது. அவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "தாத்தா எழுதின தப்பு விடைம்மா" என்று சொன்னேன்.

நீங்கள் அதே விடையை எழுதாதீர்கள். உங்கள் வீட்டில் ரெண்டு தலை ஒயர் இருந்தால் இன்றைக்கே வெட்டிவிட்டு, "வெட்டிவிட்டேன் சார்" என்று கீழே ஒரு வரி போடுங்கள். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க ஆசை. வருகைப் பதிவு எடுத்துப் பழகிய கை.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்,
திருப்பாலைவனம்